படுத்த எட்டு

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று என்னை அடித்துக் கேட்டால் தடுமாறித்தான் போவேன். அன்று காலை மழை பெய்துகொண்டிருந்ததாக எனக்கு நினைவு. கட்டுப்பாட்டு நிலையத்தில் என்னோடு இருந்த இன்னொருவர், வெயில் கொளுத்தியது என்கிறார். பின்னறையில் நாற்காலிகள் ஆறா ஏழா என்பதும் நிச்சயமில்லை. நாள்பட்ட நினைவுக்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. ஆனால் அன்று பேசப்பட்ட சொற்களில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் நடந்தது எல்லாமே ஒரு சொல்லால் வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சொல்லின் கடைசி எழுத்தால்.

அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. விண்வெளிக்குப் போகும் கேமராக்களைத் தயார்செய்யும் அறை மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்தது. தூசி நுழையாதபடி இரட்டைக் கதவு. உள்ளே நீளமான வெள்ளை மேசை, அதன்மேல் ஒரு உருப்பெருக்கி, கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்னத் திருப்புளிகள். அவளும் உதவிக்கு இரண்டு பேரும் அங்கே நாள் முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. பேசினால் எச்சில் கண்ணாடியில் படும் என்பது ஒரு காரணம். லென்ஸக்காவுக்குப் பேச்சே பிடிக்காது என்பது இன்னொரு காரணம்.

கடையில் வாங்கிய லென்ஸை அப்படியே மேலே அனுப்ப முடியாது. அதன் வளையங்கள் வழுக்கித் திரும்புவதற்கு உள்ளே மசகு தடவியிருப்பார்கள். காற்றில்லாத இடத்தில் அந்த மசகு ஆவியாகிக் கண்ணாடியின்மேலேயே பனிபோலப் படிந்துவிடும். அதனால் லென்ஸைக் கடைசித் துண்டுவரை கழற்றி, மசகை வழித்து, ஆவியாகாத வேறொன்றைத் தடவ வேண்டும். கண்ணாடிகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெளியேற ஊசித்துளை போட வேண்டும். தானாகக் குவியவைக்கும் மோட்டாரை எடுத்துவிட வேண்டும். கடைசியில், கேமரா முழுவதையும் மூடும் வெள்ளைத் துணிச் சட்டை ஒன்று. வெயிலுக்கும் நிழலுக்கும் இருநூறு டிகிரி வித்தியாசம் உள்ள இடத்தில் அது இல்லாமல் கேமரா பிழைக்காது. அந்தச் சட்டையில் முன்கண்ணாடிக்கு ஒரு வாய், படமெடுக்கும் பெரிய பொத்தானுக்கு ஒரு வாய். மற்றதெல்லாம் மூடியிருக்கும். தலையில் அத்தனை பெரிய கவசத்தோடு யாரும் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே வளையங்களை உள்ளேயே திருப்பி வைத்து, டேப் ஒட்டி, சட்டையை மாட்டிவிட்டுத்தான் வெளியே போவார்கள். போன பிறகு காட்டிய பக்கம் படமெடுக்க வேண்டியதுதான். தப்பாக வைத்திருந்தால் தப்புதான்.

இந்த லென்ஸில் இரண்டு வளையங்கள். ஒன்று தூரத்துக்கு, இன்னொன்று வெளிச்சம் நுழையும் துளைக்கு. இரண்டிலும் எட்டு என்ற எண் உண்டு. தூர வளையத்தில் மீட்டர் கணக்கில் எண்கள் இருக்கும்: மூன்று, ஐந்து, எட்டு. அதற்கு அப்பால் எல்லையில்லாத தூரத்துக்கு ஒரு குறி. எட்டு என்ற எண்ணைப் பிடித்துப் படுக்கவைத்ததுபோல அது இருக்கும். புத்தகத்தில் அதற்குப் பெயர் முடிவிலி. லென்ஸக்காவின் அறையில் அதற்குப் பெயர் படுத்த எட்டு.

மேலே போனவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன், கணவனின் தம்பி. அவன் அந்த வேலைக்குத் தேர்வாவதற்கு ஆறு வருஷம் முன்பே அவள் அங்கே சேர்ந்துவிட்டாள். அதனால் சிபாரிசு என்று யாராலும் வாய் திறக்க முடியவில்லை. அவனே அதைக் கேலியாகச் சொல்வான்: "எங்க வீட்ல முதல்ல மேல போனது நான் இல்ல. எங்க அண்ணி துடைச்ச கண்ணாடி." ஊரெல்லாம் கலகலவென்று பேசுகிறவன். அவளிடம் வந்தால் மட்டும் குரல் இறங்கும். அவள் திருகாணியை எடுத்து முடிக்கும்வரை மேசையின் அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருப்பான். அப்படிச் சும்மா நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அவனை அவளுக்குப் பிடிக்கும்.

பயிற்சிக்கு ஒரு பெரிய நீச்சல் குளம் உண்டு. விண்வெளி உடையோடு தண்ணீருக்குள் இறக்கி, மேலே செய்யப்போகும் வேலையை அங்கே செய்து பார்க்கவைப்பார்கள். ஒருநாள் அவன் ஆறு மீட்டர் ஆழத்தில் நின்று, மணிக்கட்டில் கட்டியிருந்த செய்முறை அட்டையில் உள்ளபடி, "தூரம் முடிவிலி" என்று சொன்னான். கரையில் ஒலிபெருக்கி இரைந்தது. காதில் விழுந்தது, "தூரம்... முடியல." மேற்பார்வையாளர் பதறிப் போனார். மூச்சுதான் முடியவில்லை என்று நினைத்துப் பளுதூக்கியை ஓடவிட்டு, நூறு கிலோ உடையோடு அவனை வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். மருத்துவர் ஓடிவந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினால் அவன் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னாச்சு?" என்றான்.

"நீதான முடியலன்னே?"

"நான் எங்க முடியலன்னேன்? முடிவிலின்னேன்."

அன்று மாலை தலை ஈரத்தோடு அவள் மேசைக்கு வந்து நின்றான். "அண்ணி, எனக்கு வேற வார்த்தை குடுங்க. இன்னொரு தடவை தூக்கிப் போட்டாங்கன்னா இடுப்பு போயிரும்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "எட்ட" என்றாள்.

"எட்டவா?"

"எட்ட நில்லு, எட்ட வைன்னு சொல்றதில்லையா, அது. தூரம் எட்ட. சின்ன வார்த்தை. யார் காதுக்கும் வேற மாதிரி விழாது."

அதில்தான் அவள் தவறினாள். காதைப் பற்றி மட்டும் யோசித்தாள். கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

வெளியே வேலை செய்பவர்களின் மணிக்கட்டில் ஒரு சின்ன அட்டைக் கொத்து கட்டியிருக்கும். செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் வரிசையாக அதில் அச்சாகியிருக்கும். அந்த அட்டைகளைத் திருத்துகிற அம்மாள் தரைத்தளத்தில் இருந்தார். முப்பது வருஷ அனுபவம். எங்கே பார்த்தாலும் விட்டுப்போன ஒற்றைப் போடுகிறவர் என்பதால் அவருக்கு ஒற்றம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் போட்ட க், ச், த், ப் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நிலவுக்கே ஏணி போடலாம் என்று பையன்கள் சிரிப்பார்கள். கோபக்காரர் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டார். லென்ஸக்கா எழுதி அனுப்பிய தாளில் சிவப்பு மையால் ஏழு இடத்தில் திருத்தம் போட்டு அனுப்பினார். லென்ஸக்கா அதில் மூன்றை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அவர் மறுபடி போட்டார். நான்காவது முறை தொலைபேசியிலேயே பேச்சு நடந்தது.

"அம்மா, 'டேப்பை ஒட்டு'ன்னு இருக்கற வரிக்கு இலக்கணம் எதுக்கு? அவன் படிச்சுட்டு ஒட்டப் போறான். பரீட்சை எழுதப் போறதில்ல."

"படிக்கறவன் தடுக்கக் கூடாதுன்னுதாம்மா இலக்கணம். நீங்க கண்ணாடியத் துடைக்கறீங்க. நான் வரியத் துடைக்கறேன். அவ்வளவுதான்."

பதில் நியாயமாக இருந்தது. அதனாலேயே லென்ஸக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஐந்தாவது முறை தாள் வந்தபோது, 'எதையோ போட்டுக்கொள்ளட்டும், பட்டால்தான் தெரியும்' என்று, படிக்காமலே கீழே கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டாள். பதினைந்து வருஷத்தில் அவள் படிக்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். படும் என்று நினைத்தாள். யாருக்குப் படும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

கொழுந்தன் மேலே போய் மூன்றாவது மாதம். அவர்கள் தங்கியிருந்த நிலையத்துக்கு மின்சாரம் தருகிற தகடுகளில் ஒன்றின் கோடியில், அடிப்பட்டையில் ஒரு கோடு தெரிந்தது. சன்னலிலிருந்து பார்த்தால் கோணம் சரியில்லை. விரிசலா, மேல்தோல் உரிந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. விரிசல் என்றால் யாராவது தகட்டின் முனைவரை தொற்றிப் போய்க் கட்டுப்போட வேண்டும். முனைக்குப் போவது என்றால், பிடிமானம் இல்லாத இடத்தில், மின்சாரம் ஓடுகிற தகட்டுக்குப் பக்கத்தில், ஏழெட்டு மணிநேர வேலை. தோல்தான் உரிந்திருக்கிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஒருமுறை வெளியே வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே அறுபது மீட்டர் தூரத்திலிருந்து படம் எடுப்பது என்று முடிவானது. படம் தெளிவாக இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரில் முனைக்கே போக வேண்டியதுதான். போகிற ஆளும் அவன்தான்.

அன்று காலை அவனுடைய மனைவி, லென்ஸக்காவின் ஓரகத்தி, பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருந்தாள். லென்ஸக்கா பின்னறைக்குப் போகும் வழியில் அங்கே எட்டிப் பார்த்தாள். ஓரகத்தி ஒரு கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தடவதான?"

"படம் நல்லா வந்தா ஒரு தடவதான்."

"வருமில்ல?"

"வரும்."

"நீங்க சொன்னா சரி. அவருகிட்ட கேட்டா, 'அண்ணி செஞ்ச கேமரா, கண்ண மூடிக்கிட்டு எடுத்தாலும் வரும்'ங்கறாரு. கண்ணத் தெறந்துக்கிட்டு எடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

லென்ஸக்கா சிரித்தாள். அவள் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் என்ன சொல்வது என்று அவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

பின்னறை என்பது பிரதான அறைக்கு அடுத்த அறை. பிரதான அறையில் தலைவர் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் குரல்காரர். மேலே இருப்பவர்களோடு பேசும் உரிமை குரல்காரர் ஒருவருக்குத்தான். மற்ற யாராக இருந்தாலும் தலைவரிடம் சொல்ல வேண்டும், அவர் சம்மதித்தால் குரல்காரர் சொல்வார். பின்னறையில் இருப்பவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்கள், ஏதாவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல. லென்ஸக்கா இதற்குமுன் பதினொரு முறை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒருமுறைகூட யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

கொழுந்தனும் இன்னொருவரும் உடையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிலையத்தின் பைலட், ஒரு பெண், உள்ளேயிருந்து உதவினாள். கையுறை மாட்டுவதற்கு முன்னால் கடைசி வேலை கேமரா. பைலட் அட்டையைப் பார்த்து வாசிக்க, அவன் செய்து, திருப்பிச் சொன்னான்.

"கேமரா. தூரம் எட்டு."

"தூரம் எட்டு. வச்சாச்சு."

"துளை எட்டு."

"துளை எட்டு. வச்சாச்சு. ரெட்டை எட்டு."

"டேப்."

"ஒட்டியாச்சு."

"சட்டை."

"மாட்டியாச்சு. பாக்க மாப்பிள்ள மாதிரி இருக்கு."

லென்ஸக்கா முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தாள். இரைச்சலில் 'எட்ட' என்பது 'எட்டு' என்று விழுந்திருக்கலாம். ஆனால் பைலட் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறவள். மேசை இழுப்பறையில் அட்டையின் பிரதி இருந்தது. எடுத்துப் பார்த்தாள். 'தூரம்: எட்டு. துளை: எட்டு.' கீழே அவள் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக இருந்தது. ஒற்றம்மாவின் கண்ணுக்கு 'தூரம்: எட்ட' என்பது முடியாமல் நிற்கிற வரியாகப் பட்டிருக்கிறது. அடுத்த வரியில் 'எட்டு' என்று ஒழுங்காக இருக்கிறது. இங்கே உகரம் விட்டுப்போயிற்று என்று நினைத்துப் போட்டுவிட்டார். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தச் சொல் மூன்று பேருக்கு மட்டுமே தெரிந்த சொல், அவளுக்கும் அவனுக்கும் குளத்தங்கரை மேற்பார்வையாளருக்கும்.



எட்டு மீட்டரில் வைத்து அறுபது மீட்டரில் இருப்பதை எடுத்தால் படத்தில் கோடு இருக்காது, கோட்டின் நிழல்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஆனால் அவன் அப்படி வைத்திருப்பானா? குளத்தில் எத்தனை முறை செய்திருக்கிறான். கை தானாகவே கோடிவரை திருப்பியிருக்கும். 'எட்டு' என்று படித்தாலும், படுத்த எட்டைத்தான் சொல்கிறாள் அண்ணி என்று புரிந்துகொண்டிருப்பான். அவள் தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தாள். 'நினைவைக் கேட்காதே, அட்டையைக் கேள்' என்று அங்கே எழுதி மாட்டியிருந்தது. இரண்டு வருஷமாக அவனுக்கு அதைத்தான் ஓதியிருக்கிறார்கள். களைப்பில் மனசு எதையாவது சொல்லும், அதை நம்பாதே, அச்சில் இருப்பதைச் செய். நல்ல மாணவன் அவன். நல்ல மாணவன் என்பதுதான் இப்போது பயமாக இருந்தது.

உள்கதவைச் சாத்த இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. சாத்தி, காற்றை வெளியேற்றிவிட்டால் அப்புறம் கேமராவின் சட்டையைத் தொட முடியாது. தடித்த கையுறைக்கு அந்தச் சின்ன டேப் அகப்படாது.

அவள் பேசவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வழியில் பேசுவது எல்லாமே பதிவாகும். அட்டையில் தவறு என்றால், யார் கையெழுத்து என்பார்கள். அவள் கையெழுத்து. படித்தீர்களா என்பார்கள். ஒருவேளை அவன் சரியாகவே வைத்திருந்தால், ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டிய பெயர் மிஞ்சும். பேசாமல் இருந்தாலோ, படம் கலங்கி வந்தால் ஆயிரம் காரணம் சொல்லலாம். வெயில், நிழல், கை நடுக்கம். ஒரு எழுத்தை யாரும் தேடப் போவதில்லை. மௌனம் அவளுக்குப் பழகிய வீடு. இத்தனை வருஷம் அதில் நிம்மதியாகக் குடியிருந்திருக்கிறாள். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபோது அருவருப்பாக இருந்தது.

நான்காவது நிமிடத்தில் பொத்தானை அழுத்தினாள்.

"தலைவர், லென்ஸ் மேசை."

பின்னறையில் எல்லாத் தலைகளும் திரும்பின. அவளுடைய குரலை அந்தக் கருவியில் யாரும் கேட்டதில்லை.

"சொல்லுங்க."

"கேமராவோட தூர வளையத்தப் பத்தி மேல ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"எட்டு நிக்குதா, படுத்திருக்கான்னு கேக்கணும்."

குரல்காரர், "என்னது?" என்றார்.

"எட்டு. நிக்குதா, படுத்திருக்கா."

"ஏங்க, உலகமே கேட்டுக்கிட்டிருக்கு. இத நான் வாயால கேக்கணுமா?"

தலைவர் அவரை நிறுத்தினார். அவர் நிதானமான மனிதர். அவசரம் அதிகமாக ஆக மெதுவாகப் பேசுவார். "லென்ஸ் மேசை, கொஞ்சம் விளக்கமா."

அவள் விளக்கினாள். 'எட்ட' என்று இருக்க வேண்டியது 'எட்டு' என்று அச்சாகிவிட்டது. வளையத்தில் நிற்கிற எட்டும் உண்டு, படுத்த எட்டும் உண்டு. படுத்திருந்தால் சரி. நின்றால் படம் வராது. ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"அட்டையில யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"படிச்சுட்டுத்தான போட்டீங்க?"

இந்த இடத்தில் இருந்த அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதிவில் அது ஆறு விநாடி என்கிறார்கள். ஆறு விநாடிதானா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

"இல்ல" என்றாள் லென்ஸக்கா. "படிக்கல."

"சரி" என்றார் தலைவர். "கேளுங்க."

குரல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனுஷன் மென்று விழுங்காமல், செய்தி வாசிப்பதுபோல, திருத்தமாகக் கேட்டார்: "நிலையம், கேமராவின் தூர வளையம் பற்றி ஒரு கேள்வி. எட்டு நிற்கிறதா, படுத்திருக்கிறதா?"

மேலேயிருந்து கொழுந்தனின் குரல். "இது அண்ணி கேக்கறாங்களா?"

"லென்ஸ் மேசை கேட்கிறது."

"அப்ப அண்ணிதான்." குரல் இறங்கியது. "நிச்சயமா சொல்லத் தெரியல. கார்டுல எட்டுன்னு இருந்துச்சு, எட்டுல வச்சேன். எந்த எட்டுன்னு... சட்டைய அவுத்துப் பாத்தாத்தான்."

அவர்கள் இருவர் கையிலும் கையுறை ஏறிவிட்டது. பைலட்தான் கேமராவை வாங்கி, சட்டையின் பின்பக்க ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எடையில்லாத இடத்தில் துணி சொன்ன பேச்சு கேட்காது. ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் வந்து மூடிக்கொள்ளும். கதவு சாத்தும் நேரம் வந்து, கடந்துபோயிற்று. தலைவர் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். பிரதான அறையில் யாரோ, இப்படி நேரம் போனால் வெளியே வைக்க வேண்டிய கருவிப் பெட்டி வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். தலைவர், "விட்டுருங்க" என்றார்.

லென்ஸக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். விரல்கள் நடுங்கவில்லை. நடுங்கினால் இந்த வேலைக்கு வந்திருக்கவே முடியாது.

"நிலையத்திலிருந்து" என்றாள் பைலட். "எட்டு நிக்குது."

குரல்காரர் திரும்பிக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பின்னறையைப் பார்த்தார். அதற்குள் பைலட் டேப்பை உரித்துவிட்டாள். "எங்க வைக்கணும்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க. நான் எதையும் படிக்கப் போறதில்ல."

"கோடிவரைக்கும் திருப்பணும்" என்றாள் லென்ஸக்கா. "இதுக்கு மேல திரும்பாதுன்னு நிக்கற எடம் வரைக்கும்." குரல்காரர் அதை அப்படியே சொன்னார். பேச்சு நடை மாற்றாமல், எழுத்துக்கூட மாறாமல் சொன்னார்.

கொழுந்தன், "கார்டு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. நான்தான் சொன்ன பேச்சு கேக்கற பையனாப் போயிட்டேன்" என்றான். சொந்தப் பேச்சு கூடாது என்று குரல்காரர் அவனைக் கண்டிக்க வேண்டும். கண்டிக்கவில்லை.

முப்பத்தொரு நிமிடம் தாமதமாக உள்கதவு சாத்தப்பட்டது. அவன் வெளியே போய், கதவோரத்துக் கைப்பிடியில் காலைக் கோத்து நின்று, நாற்பத்திரண்டு படம் எடுத்தான். மதியத்துக்குமேல் அவை கீழே வந்து சேர்ந்தன. பெரிய திரையில் போட்டார்கள். அடிப்பட்டையில் தெரிந்த கோடு, மேலே ஒட்டியிருந்த பொன்னிறத் தாள் விளிம்பில் உரிந்து சுருண்ட கோடு. அந்தச் சுருளின் மடிப்பு, மடிப்பில் விழுந்த நிழல், அதன்கீழ் முழுசாக இருந்த உலோகம் எல்லாம் தெரிந்தன. தாளை ஒட்டியவர்கள் பென்சிலால் எழுதிய எண்கூடத் தெரிந்தது. பொறியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனைக்கு யாரும் போக வேண்டாம் என்று தலைவர் அறிவித்தார்.

லென்ஸக்கா பார்வையாளர் அறைக்குப் போனாள். ஓரகத்திக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. அங்கேயும் ஒலிபெருக்கி உண்டு. கைக்குட்டையை இப்போது பையில் போட்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. நிக்குதுங்கறாங்க, படுத்திருக்குங்கறாங்க. யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு பயந்துட்டேன்."

"எனக்குத்தான்" என்றாள் லென்ஸக்கா.

ஓரகத்தி நகர்ந்து இடம் விட்டாள். இருவரும் அந்த நீளமான நாற்காலியில், அவன் உள்ளே திரும்பிக் கதவு சாத்தும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் லென்ஸக்கா தரைத்தளத்துக்கு இறங்கிப் போனாள். ஒற்றம்மாவுக்கு முகம் வெளுத்திருந்தது. மேசைமேல் அந்த அட்டையின் ஐந்து தாள்களும் வரிசையாகப் பரப்பியிருந்தன.

"நான் ஒரு எழுத்துதாம்மா மாத்தினேன்" என்றார்.

"நான் ஒரு எழுத்துகூடப் படிக்கல" என்றாள் லென்ஸக்கா.

"கேட்டிருக்கணும். இதென்ன வார்த்தைன்னு ஒரு போன் பண்ணியிருக்கணும். நீங்க கோவமா இருந்தீங்கன்னு பண்ணல."

"கோவமாத்தான் இருந்தேன்."

ஒற்றம்மா எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் அவளுக்கு ஒளிந்துகொள்வதற்கு எதுவும் இல்லை.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. எழுத்தை யார் மாற்றியது என்று கேட்டபோது, கையெழுத்துக்குப் பிறகு அது மாற்றினவர் எழுத்து இல்லை, என் எழுத்துதான் என்று லென்ஸக்கா சொன்னாள். ஒரு வருஷத்துக்கு அவள் கையெழுத்து செல்லாது என்று தீர்ப்பானது. அந்த வருஷம் முழுக்க அவள் பயிற்சிக் குளத்துக் கேமராக்களைப் பழுதுபார்த்தாள். பிறகு மூன்றாம் மாடிக்கே திரும்பி வந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒற்றம்மா இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார்; இப்போது மகள் வீட்டில் இருக்கிறார், கண்புரை அறுவை ஆயிற்று. குரல்காரர் வேறு ஊருக்கு மாறிப் போனார். பைலட் அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்தாள். தலைவர் ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். கொழுந்தன் குறித்த நாளில் இறங்கி வந்தான். எடையற்ற இடத்தில் இருந்ததில் அவன் பார்வை கொஞ்சம் மாறிவிட்டதால் மறுபடி அனுப்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குளத்தில் பயிற்சி கொடுக்கிறான். ஓரகத்தி முன்பு பார்த்த வேலைக்கே திரும்பிப் போனாள். அவர்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. கேமரா வரவில்லை. கீழே இறக்கக் கலத்தில் இடமில்லாததால், குப்பைகளோடு சேர்த்து எரியவிட்டார்கள். அட்டையில் தூரத்துக்கு என்ன சொல் போடுவது என்று ஒரு குழு நான்கு மாதம் கூடிப் பேசியது. கடைசியில் சொல்லே வேண்டாம் என்று முடிவாகி, அந்தக் குறியைப் படமாக வரைந்துவிட்டார்கள்.